கல்லிலே எழுதிய நம் பெயர்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் பெரும்பாலும் ஊருக்குப் போய்வருவதுதான். தங்கையின் திருமணம், பாட்டனாரின் சதாபிஷேகம், குலதெய்வத்துக்கு முடியிறக்குதல் என்று ஆண்டின் விடுப்பு முழுவதும் கரைந்துவிடுகிறது. எஞ்சிய சில நாட்களில் எங்கேனும் செல்வதாயின், அண்டை வீட்டார் சென்றுவந்த இடத்துக்கே நாமும் செல்கிறோம். திரும்பி வரும்போது களைப்பும் கணக்குச் சீட்டும் மிஞ்சுகின்றன. சின்னாட்களில் பிள்ளைகள் அவ்வூரின் பெயரையும் மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு மாற்று உண்டு. நம் உள்ளம் விரும்பும் ஒன்றை முதலில் தேர்ந்துகொண்டு, ஊரையும் நாளையும் அதற்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். இசையில் நாட்டமுள்ளவர் புஷ்ய பகுள பஞ்சமி எந்த நாளில் வருகிறது என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத் திருவையாற்றுக்குச் சீட்டு எடுக்கட்டும். பறவைகளை விரும்புவோர் வேடந்தாங்கலுக்கு வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிறைந்த பின்னர்ச் செல்லட்டும். நோக்கம் முந்தி நின்றால் மற்றவை பின்னே ஒழுங்காக வந்துசேரும்.

அத்தகைய நோக்கம் ஒன்றை இம்மாதம் அன்பர்கள்முன் வைக்க விரும்புகிறேன். அசோகர் கல்லில் வெட்டுவித்த சாசனங்களைத் தேடிச் செல்வதே அது. நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு நெருங்கியது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எழுந்த அவருடைய பெரும்பாறைச் சாசனங்கள் பதினான்கு. அவற்றுள் இரண்டாவது, மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி அமைத்ததையும், மூலிகை நட்டதையும், கிணறு தோண்டியதையும் கூறுகிறது. இவை நடந்த எல்லைப்புற நாடுகளின் வரிசையில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் பெயர்கள் நிற்கின்றன. பதின்மூன்றாம் சாசனத்திலும் சோழ பாண்டியர் பெயர் உண்டு. இவர்கள் அசோகரின் ஆட்சிக்கு உட்பட்டவர்களாக அல்லர், அதற்கு அப்பால் வாழ்ந்த அயலாராகவே குறிக்கப்பெறுகின்றனர்.

சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பை என்னும் சிற்றூரின் குன்றில் தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அதியன் நெடுமான் அஞ்சியைச் சத்தியபுத்திரன் என்றே அது குறிக்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்ததாக நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதியமானின் குடிப்பெயர், இமயத்தின் அடிவாரத்திலும் செதுக்கப்பட்டிருக்கிறது என்பது எத்துணை வியப்பு!

இனி வழியைப் பார்ப்போம். தில்லியில் வாழ்வோர் ஊரைவிட்டு வெளியேறாமலே தொடங்கலாம். பிரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் தூண் 14ஆம் நூற்றாண்டில் தோப்ராவிலிருந்து கொண்டுவரப்பட்டது. வழிநடப்போரின் நிழலுக்காக ஆலமரங்களும் மாந்தோப்புகளும் வைத்ததை அதிலுள்ள ஏழாம் சாசனம் சொல்கிறது. பயணத்தைத் தொடங்க இதனினும் பொருத்தமான இடம் ஏது? கால்காஜி கோவிலுக்கு அண்மையில், 1966இல் அறியப்பட்ட சிறுபாறைச் சாசனம் ஒன்றும் இருக்கிறது. பின்னர் டேராடூன் வழியாக யமுனைக் கரையிலுள்ள கால்சிக்குச் செல்லலாம். அங்கே ஒரே பாறையில் பதினான்கு சாசனங்களும் உள்ளன. பக்கவாட்டில் யானை உருவம் ஒன்றும் கோட்டுருவாக வரையப்பட்டிருக்கிறது. சோழரும் பாண்டியரும் அங்கே இருமுறை பேசப்படுகின்றனர்.

குஜராத்தில் உள்ளோர்க்கு ஜூனாகட் நகரத்திலிருந்து கிர்நார் மலைக்குச் செல்லும் வழியிலேயே பாறை இருக்கிறது. அதே பாறையில் கி.பி. 150ஆம் ஆண்டளவில் ருத்ரதாமன் வெட்டுவித்த கல்வெட்டும், பிற்காலத்து ஸ்கந்தகுப்தனின் கல்வெட்டும் காணப்படும்.

கல்கத்தா அன்பர்கள் பூரிக்குச் செல்லும்போது புவனேசுவரத்தை அடுத்த தௌலியில் இறங்கலாம். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டதாகவும், ஒன்றரை லட்சம் பேர் சிறைப்பட்டுச் சென்றதாகவும் பதின்மூன்றாம் சாசனம் வருந்திக் கூறுகிறது. ஆனால் கலிங்கத்து மண்ணிலுள்ள தௌலிப் பாறையில் அந்தச் சாசனம் இல்லை. அதற்குப் பதிலாக, அதிகாரிகள் மக்களிடம் நீதியோடு நடக்க வேண்டும் என்னும் தனி ஆணைகள் உள்ளன. தோற்றவர் வீட்டு வாசலில் அந்தக் கதையை எழுதி வைக்க மன்னர் கூசினார் போலும். இதனைப் பிள்ளைகளிடம் சொல்லி, அவர்கள் கருத்து யாதென்று கேட்டுப் பாருங்கள்.

பம்பாயிலிருந்து சென்னை செல்லும் புகைவண்டிகள் குத்தி வழியாகப் போகின்றன. அங்கிருந்து சிறிது தொலைவில் எர்ரகுடிப் பாறைகள் உள்ளன. ஊருக்குப் போகும் வழியில் ஒரு பகல் தங்கினாலே போதும். தனி விடுப்பு வேண்டியதில்லை. பெங்களூரில் இருப்போர்க்குச் சித்திரதுர்க்க மாவட்டத்துப் பிரம்மகிரி அருகிலேயே இருக்கிறது.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை சில. முதலாவது, ஒரு மாதத்துக்கு முன்பே வீட்டில் எல்லாரும் பிராமி எழுத்தைப் பழகுங்கள். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் இவ்வெழுத்தின் புதிரை விடுவிக்கும்வரை அதனைப் படிக்க வல்லார் எவரும் இலர். இன்று பத்து வயதுச் சிறுமி இரண்டு வாரத்தில் கற்றுவிடலாம். ககரம் கூட்டற்குறி போன்றது. ரகரம் நிமிர்ந்த ஒரு கோடு. இரண்டாவது, நண்பகலில் செல்லாதீர்கள். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும்போதுதான் வெட்டெழுத்தின் பள்ளம் நிழலாய்த் தெரியும். மூன்றாவது, எழுத்து விளங்கவில்லை என்று சுண்ணக்கட்டி கொண்டு தேய்க்கவோ, நீர் தெளிக்கவோ வேண்டா. இத்தனை நூற்றாண்டு நின்ற கல்லுக்கு நம் கையால் தீங்கு வரலாகாது.

இவ்விடத்தில் குடும்பத் தலைவர்களுக்கு ஒரு சொல். நோக்கம் ஒருவருடையது, அலைச்சல் எல்லாருடையது என்று ஆகிவிடக் கூடாது. கல்லின்முன் நிற்பது அரை நாள் போதும். மீதி நேரம் மனைவி மக்களின் விருப்பத்துக்கு உரியது. தௌலிக்குச் சென்றவர் பூரிக் கடலையும் காட்டட்டும்; கால்சிக்குச் சென்றவர் யமுனைக் கரையில் பிள்ளைகளை விளையாட விடட்டும். ஆண்டுக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டால் செலவும் தாங்கும், ஆர்வமும் தேயாது. ஐந்தாறு ஆண்டுகளில், பாரதத்தின் நான்கு திசைகளையும் ஒரே நூலில் கோத்தவர்கள் ஆவோம்.

கல்லைப் பார்க்க இத்தனை செலவா, அந்தப் பணத்தில் ஊரிலிருக்கும் முதியோரைப் பார்க்கலாகாதா என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. முதியோரைக் காண்பது கடமை. அதனைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆயினும் நம் பிள்ளைகளுக்கு வேறொரு குறை இருக்கிறது. பிறந்த ஊரில் அவர்களை ‘மதராசி’ என்கிறார்கள். தாத்தாவின் ஊரிலோ ‘தில்லிக்காரன்’ என்கிறார்கள். நாம் எந்த ஊர் என்று அவர்கள் கேட்கும்போது பெற்றோர் மழுப்பிவிடுகிறோம்.

கால்சிப் பாறையின்முன் நிறுத்தி, அந்த வரியின்மேல் நிழல் விழும் நேரத்தில், சோழர், பாண்டியர் என்னும் பெயர்களை அவர்களே எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். வடக்கே இருந்த ஒரு மன்னர் நம் முன்னோரை அயலாராக அறிந்திருந்தார். அவர்களுடைய நோய்க்கும் மருந்து நினைத்தார். நம் பெயர் இந்த நிலத்துக்குப் புதியதன்று என்பதைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே கண்டுகொள்வார்கள். அடுத்த விடுப்புக்கு விண்ணப்பம் எழுதுமுன், ஒரு மாலை வீட்டிலுள்ள அனைவரும் நாட்டுப் படத்தை விரித்துவைத்து அமருங்கள். முதலில் எந்தப் பாறை என்பதை வீட்டின் இளையவரே விரல் வைத்துக் காட்டட்டும்.