கூரை வெயிலும் மோட்டார் வண்டியும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் சங்கச் செய்யுளையோ நாவலர் உரைநடையையோ பற்றி எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். மோட்டார் வண்டியைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு அவர்களும் பழைய மாணவ அன்பர்களும் என்னைப் பொறுத்தருள்க. எழுதத் தூண்டியவன் நம் கல்லூரிப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன். அவன் வினாவைப் பின்னர்ச் சொல்லுவேன்.

1990 ஆம் ஆண்டின் பின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போன காலத்திலேயே எம் தலைமுறையினரின் பள்ளிப் பருவம் கழிந்தது. ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிற் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். மொரிஸ் மைனரும் ஏ-40 உம் சில துளி பெற்றோலிற் கிளம்பி, மண்ணெண்ணெயிற் புகை கக்கி ஓடியதைக் கண்டோம். அப்புகையின் மணம் இன்றும் என் மூக்கை விட்டகலவில்லை. பின்னர் 2022 ஆம் ஆண்டு வந்தது. நாடு முழுவதும் எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் இரவு பகலாக வரிசையில் நின்றது. பாடசாலைகளும் சில கிழமை மூடப்பட்டன. அவ்வரிசையில் நின்றபோதுதான், எரிபொருளுக்காகப் பிறர் கையை எதிர்பார்க்கும் வாழ்வு போதும் என்று என் மனத்தில் உறுதி பிறந்தது.

அடுத்த ஆண்டில், கனடாவிலுள்ள மைத்துனர் பாதிக்குக் கை கொடுக்க, மீதிக்குக் கடன்பட்டு, வீட்டுக் கூரையில் ஐந்து கிலோவாற்றுச் சூரியத் தகடுகளைப் பதித்தேன். பழைய நிசான் லீஃப் வண்டி ஒன்றையும் வாங்கினேன். அதன் பற்றரி புதிதாயிருந்த நாளில் 24 அலகு மின்சாரம் கொள்ளும். இப்பொழுது முதுமையெய்தி, நிறைய ஏற்றினாலும் எண்பது கிலோமீற்றருக்குமேல் நம்பிப் போக முடியாது. கொழும்புக்குப் போவதெனின் யான் புகையிரதத்திலேயே செல்கிறேன். ஆயினும் கல்லூரிக்குப் போய்வர நாள்தோறும் முப்பது கிலோமீற்றர்தான். அதற்கு இவ்வண்டி தாராளமாகப் போதும்.

பெருமை என்னை மயக்கிற்று. ‘என் வண்டி வெயிலில் ஓடுகிறது’ என்று வகுப்பிற் சொல்லிக்கொண்டேன். அப்பொழுதுதான் அம்மாணவன் எழுந்து, “எத்தனை மணிக்குச் சேர் சார்ஜ் போடுறனீங்கள்?” என்றான். இரவு ஏழு மணிக்கு என்றேன். “ஏழு மணிக்கு வெயில் எங்க சேர்?” என்றான். வகுப்புச் சிரித்தது. யானும் சிரித்தேன், ஆனால் விடை சொல்ல இயலவில்லை.

மாலையில் மாட்டைக் கட்டையிற் கட்டுவதுபோல, கோயிலுக்கும் கடைக்கும் போய்வந்தபின் வண்டியைக் கொண்டுவந்து பிளக்கிற் கட்டுவதே என் வழக்கமாயிருந்தது. பகலிற் கூரையில் விளைந்த மின்சாரம், வீட்டுத் தேவை போக, கம்பி வழியே வெளியே போய்விடும். இரவில் வண்டி குடிப்பது நாட்டின் பொது மின்சாரம். மாத முடிவில் மின்மானிக் கணக்கில் வரவும் செலவும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஏழு மணிக்கு என் வண்டிக்காக எங்கோ எரிந்த எண்ணெயும் நுரைச்சோலையில் எரிந்த நிலக்கரியும் கணக்கினாற் கழிந்துவிடா. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையுள்ள நான்கு மணி நேரமே இந்நாட்டில் மின்சாரத்துக்கு ஆகக் கூடிய தேவை உள்ள வேளை. நேரத்துக்கேற்ப அறவிடும் கட்டணத்திலும் அவ்வேளைக்கே விலை அதிகம். மண்ணெண்ணெய்ப் புகையை என் முற்றத்திலிருந்து அகற்றி அயலூருக்கு அனுப்பிவிட்டு, அதற்கு வெயில் என்று பெயரிட்டிருந்தேன்!

இஃது என் ஒருவன் தவறு மாத்திரமன்று. கூரைத் தகடும் மின்வண்டியும் உடைய அன்பர் பலர் இவ்வாறே செய்கின்றனர். இதன் விளைவு 2025 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரி 9 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தமையால் இலங்கை முழுவதும் இருண்டது. (நம் புலவர் பாடிய மந்திகள் பலாச்சுளையோடு அடங்கின, இம்மந்தி ஒரு தீவையே அணைத்தது.) தேவை குறைந்த விடுமுறைப் பகலில் சூரிய மின்சாரம் மிகுந்து நின்றமையால் அதிர்ச்சியைத் தாங்கும் வலு குறைந்திருந்தது என்று அப்போது விளக்கம் கூறப்பட்டது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டையொட்டி, ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணி மட்டும் கூரைச் சூரிய மின்னை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை மக்களை வேண்டிற்று. பகலில் வேண்டாமென்று தள்ளுகிறோம், இரவில் எண்ணெய் எரித்து வாங்குகிறோம். விளைந்த நெல்லை வயலில் விட்டுவிட்டு மாலையிற் கடன் அரிசிக்குப் போகும் உழவனை யாரேனும் கண்டதுண்டா?

மாணவன் வினாவுக்குப்பின் என் வழக்கத்தை மாற்றினேன். பாடசாலை 1.30 க்கு முடியும். இரண்டு மணிக்கு வீட்டில் நிற்பேன். ஆசிரியத் தொழிலில் செல்வம் இல்லை; பிற்பகல் உண்டு. சாதாரணப் பிளக்கில் பத்து அம்பியர் எடுத்தால் மணிக்கு இரண்டே கால் அலகு ஏறும். ஓர் அலகில் வண்டி ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் ஓடும். ஆகவே முப்பது கிலோமீற்றருக்கு ஐந்து அலகு, சேதாரத்தோடு இரண்டரை மணி நேரம். நாலரைக்குள் வேலை முடிகிறது. அதுவரை என் கூரையே பெரும்பாலும் ஊட்டுகிறது. கோயிலுக்குச் சைக்கிளிற் போகிறேன். உடம்புக்கும் அது நன்றே.

விரைவாக ஏற்றும் ஏழு கிலோவாற்றுக் கருவியை வாங்கும்படி விற்பனையாளர் ஒருவர் என்னை வற்புறுத்தினார். அது 32 அம்பியர் இழுக்கும். என் வீட்டுக்கு வரும் இணைப்போ 30 அம்பியர். இதனை அவர் சொல்லவில்லை. வீட்டு வயரிங் செய்த அயலவர்தாம் சொன்னார். அன்றியும் ஐந்து கிலோவாற்றுத் தகடு ஏழு கிலோவாற்றை ஈயாது. குறைவதைப் பொதுக் கம்பியே கொடுக்கும். மெல்ல ஏற்றுவதே வெயிலோடு ஒத்துப்போகும் வழி. மின்வெட்டு வந்தால் தகடு காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் பிழை. பொதுக் கம்பியோடு இணைந்த சாதாரண இன்வேற்றர், கம்பி செத்தவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் தொழிலாளியின் உயிருக்காக அவ்வாறு அமைத்திருக்கின்றனர். தனிப் பற்றரி இல்லாதவர் வீட்டில், உச்சி வெயிலிலும் மின்விசிறி நிற்கும்.

ஆறு மணிக்கு வீடு சேரும் அலுவலர்கள் என்ன செய்வர் என்று கேட்கலாம். அவர்கள் 10.30 க்குப்பின் ஏற்றத் தொடங்குமாறு வண்டியின் நேரக் கருவியை அமைத்தல் வேண்டும். அது வெயிலன்று எனினும் நெருக்கடி வேளையைத் தவிர்க்கும். உண்மையான விடை வேறு. பகலில் வண்டி எங்கே நிற்கிறதோ, அங்கே தகடு இருத்தல் வேண்டும். பகலில் நூற்றுக்கணக்கானோர் கூடும் இடம் எது? பாடசாலையன்றோ!

விழா நிதியைக் கொண்டு கல்லூரிக்கு முகப்பு வளைவொன்று கட்டுவதெனச் சங்கத்தில் உரையாடல் நடைபெறுவதை அறிவேன். வளைவின் அழகை யான் மறுக்கவில்லை. கல்லிற் பெயர் பொறிக்கும் ஆசையும் இயல்பே. ஆயினும் வளைவு ஒரு நாளும் ஓர் அலகு தராது. அந்நிதியிற் கூரைத் தகடு பதித்தால், முதலில் ஆய்வுகூடத்துக்கும் கணினி அறைக்கும் மின்சாரம் கிடைக்கும். மிகுவதைக் காலை வேளையில் ஆசிரியர்களின் மின்வண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் ஏற்றலாம். கார் வைத்திருப்போருக்குக் கல்லூரி ஏன் இனாமாக ஊட்டவேண்டும் என்பார் உளர், நியாயமான கேள்வி. தனி மின்மானி பூட்டி, ஏற்றும் ஒவ்வோர் அலகுக்கும் பணம் பெறவேண்டும் என்பதே என் கருத்து. வாடகை வீட்டில் இருக்கும் இளம் ஆசிரியர்களுக்குப் பதிக்கக் கூரை இல்லை. பயன் பெரிதும் அவர்களுக்கே.

சைக்கிள் கொட்டகையின் கூரை தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்கிறது. மரநிழல் அதன்மேல் விழுவதில்லை. சென்ற வாரம், வினாவெழுப்பிய அம்மாணவனும் யானும் நாடா பிடித்து அளந்தோம். அறுபது அடி நீளம், பதினெட்டு அடி அகலம். பதினைந்து கிலோவாற்றுக்கு இடமுண்டு என்று அவன் கணக்கிட்டான். அத்தாளைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் வளைவைப் பற்றிப் பேச எழும் அன்பர்கள் அதையும் ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்ப்பாராக.