நாற்றத்தை மறைக்காதீர்கள், விசாரியுங்கள்!



டுரியான் பருவம். அப்பா டுரியான் துங்கல் பக்கம் காரை நிறுத்தி நாலு பழம் வாங்குகிறார். வீட்டுக்கு வந்து, பழத்தை இறக்கிச் சாப்பிட்டும் ஆயிற்று. மறுநாள் காலையில் கார் கதவைத் திறந்தால், பழம் இன்னும் பின்னிருக்கையில் இருப்பது போல வாடை. அப்பா பெட்ரோல் நிலையத்தில் ஒரு வாசனைப் புட்டி வாங்கி, ஏர்கோன் காற்று வரும் இடத்தில் மாட்டுகிறார். இப்போது காரில் எலுமிச்சை வாசமும் டுரியான் வாடையும் சேர்ந்து அடிக்கின்றன!

காரில் நாற்றம் வந்தவுடன் வாசனைப் புட்டியைத் தேடுவது தவறு என்பது என் கருத்து. நறுமணத்தைச் சேர்ப்பதால் நாற்றம் தரும் மூலக்கூறுகள் குறைவதில்லை. மூக்கின் கவனம் மட்டுமே திசை திரும்புகிறது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நாற்றம் என்பது நமக்கு வரும் செய்தி. சில வேளைகளில் அது உயிர் காக்கும் எச்சரிக்கை.

1937 மார்ச் 18. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில் இயற்கை எரிவாயு கசிந்து கட்டடத்தின் அடியில் தேங்கியது. அந்த வாயுவுக்கு வாடையே இல்லை, எவரும் அறியவில்லை. ஒரு தீப்பொறியில் பள்ளி வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ 300 மாணவர்களும் ஆசிரியர்களும் இறந்தனர். அதன் பிறகுதான், எரிவாயுவில் நாற்றமுள்ள பொருளைக் கட்டாயம் கலக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. இன்று நம் வீட்டுச் சமையல் எரிவாயுவில் வரும் வாடையும் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டதுதான். இப்படிச் சேர்க்கும் பொருள்களுள் ஒன்று எத்தேன்தயோல் என்ற கந்தகச் சேர்மம். டுரியானிலும் அது இருக்கிறது! 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில், ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் எரிவாயு கசிகிறது என்று அஞ்சி நூற்றுக்கணக்கானோரை வெளியேற்றினார்கள். தீயணைப்பு வீரர்கள் தேடிப் பார்த்தபோது, அலமாரி ஒன்றில் அழுகிய டுரியான் இருந்தது. சிரிக்கலாம். ஆனால் அங்கே யாரும் வாசனைத் தைலம் தெளிக்கவில்லை, மூலத்தைத் தேடினார்கள். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

எப்படித் தேடுவது? முதலில் கார் சன்னல்களைச் சில மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு கதவைத் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். முதல் சில வினாடிகளே முக்கியம். ஒரே வாடையைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு பழகிவிடும். மூளை அதைக் கண்டுகொள்ளாது. அதனால்தான் தினமும் காரோட்டும் அப்பாவுக்குத் தெரியாத வாடை, எப்போதாவது ஏறும் அத்தைக்கு உடனே தெரிகிறது. அத்தையை உதவிக்கு அழையுங்கள். அடுத்து கால்மிதி, இருக்கையின் அடி, பின்பெட்டி, மாற்றுச் சக்கரம் இருக்கும் குழி என ஒவ்வொன்றாகத் தனியே எடுத்து முகருங்கள்.

ஏர்கோனைத் திறக்கும்போது மட்டும் ஈரத்துணி வாடை வந்தால், உள்ளே இருக்கும் குளிர்ச்சுருளில் தண்ணீர் தங்கிப் பூஞ்சை வளர்ந்திருக்கலாம். காற்று வடிகட்டியை மாற்றச் சொல்லுங்கள். வீடு வந்து சேர்வதற்குச் சில நிமிடங்களுக்கு முன் குளிரை நிறுத்திவிட்டுக் காற்றாடியை மட்டும் ஓடவிட்டால் சுருள் காயும்.

மூலத்தை எடுத்த பிறகும் தங்கிவிடும் வாடைக்கு அறிவியல் பாடத்தில் விடை இருக்கிறது. மலாக்காவில் 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அன்று முதல் நம் மாநிலத்துக்குக் கட்டிப்பால் வாடை பழக்கம். மங்கில் உறைந்த பாலை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அசெட்டிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்கள் உண்டாகின்றன. தரைவிரிப்பில் கொட்டிய தே தாரேக் புளித்தாலும் அமிலங்கள்தான். அங்கே சமையல் சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டு, துடைத்தெடுங்கள். சோடா அமிலத்தை நடுநிலையாக்கி உப்பாக்கும். அந்த உப்பு ஆவியாகாது, மூக்கை எட்டாது.

மீன் வாடை இதற்கு நேர்மாறு. அது அமின் என்ற காரப் பொருள். அதற்கு அமிலம் வேண்டும். மீன் தண்ணீர் சிந்திய இடத்தை நீர் கலந்த வினிகரால் துடையுங்கள். அசாம் பெடாஸிலும் அம்மாவின் மீன் குழம்பிலும் புளி செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று. டுரியானின் கந்தகச் சேர்மங்களுக்கு, எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து வெயிலும் காற்றும் படவிடுவதே நல்லது. வெப்பத்தில் அவை விரைவாக ஆவியாகி வெளியேறும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: குளோரின் வெளுப்பானையும் வினிகரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுவாயு வரும்.

“வாசனைப் புட்டி மாட்டினால் என்ன கெட்டுவிடும்?” என்று கேட்பீர்கள். சுத்தமான காரில் மாட்டினால் பெரிய கேடு இல்லை. நாற்றத்தை மறைக்க மாட்டுவதுதான் ஆபத்து. பெட்ரோல் வாடை கசிவைச் சொல்கிறது. பிளாஸ்டிக் கருகும் வாடை, கம்பி சூடாவதைச் சொல்கிறது. தித்திப்பான வாடை ரேடியேட்டரின் குளிர்ப்பித் திரவம் ஒழுகுவதைச் சொல்லலாம். காருக்குள் புகை வாடை வந்தால் இன்னும் கவனம் தேவை. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. என்ஜினை ஓடவிட்டுக் காருக்குள் உறங்கியவர்கள் இறந்த செய்திகளை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். அந்தக் கொடிய வாயுவைப் பற்றி மூக்குக்குக் கிடைக்கும் ஒரே துப்பு, உடன் வரும் புகை வாடைதான். அதையும் எலுமிச்சை வாசத்தால் மூடிவிடலாமா? இத்தகைய வாடைகளை நீங்களே சரிசெய்ய முயலாதீர்கள். உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். காரை நிறுத்தி இறங்கி, மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு வார்த்தை. ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டப்புறங்களிலிருந்து வரும் மாணவர்களுள் சிலர், அப்பாவின் வண்டியில் அடிக்கும் கட்டிப்பால் வாடைக்காகக் கூசியிருக்கலாம். கூச வேண்டாம். அது உழைப்போடு வரும் அமிலம், சோடாவுக்கு அடங்கும். கேலி செய்யும் நண்பனுக்கு அதன் வேதியியலைச் சொல்லிக் கொடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் காரை ஒரு முறை முகர்ந்து பாருங்கள். மாட்டியிருக்கும் வாசனைப் புட்டியை முதலில் கழற்றி வையுங்கள்.