திருஷ்டி பொம்மை யாரைக் காத்தது?

பழனி அடிவாரத்திலிருந்து கொடைக்கானல் ஏரிக்கரை வரையில் புதிதாய்க் கட்டடம் எழும் இடங்களில் ஒரு முகத்தைக் காணலாம். உருட்டி விழிக்கும் கண், முறுக்கு மீசை, கோரைப் பல், தொங்கும் நாக்கு. திருஷ்டி பொம்மை என்று பெயர். ஊராரின் பொறாமைக் கண்ணை இது தடுத்துவிடுமாம். இதை மூடநம்பிக்கை என்று நாம் சொன்னால், "முகமூடி செய்வது நம் பண்டைக் கலையாயிற்றே, அதைப் பழிக்கலாமா?" என்று பண்டிதர்கள் சிலர் நம்மீது பாய்கிறார்கள்.

கலையை நாம் பழிக்கவில்லை. களிமண்ணில் அச்செடுத்து, ஊறின காகிதத்தை அரைத்துப் பசை கூட்டி அப்பி, வெயிலில் காயவைத்து, வர்ணம் தீட்டி ஒரு முகத்தை உண்டாக்குவது பெரிய கைத்திறமை. அதற்கு நாமும் மரியாதை செய்கிறோம். ஆனால் நேற்றுக் காகிதக் கூழாய் இருந்ததற்கு இன்று காவல் சக்தி எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கின்றோம். சக்தி அதில் இருக்குமானால், அந்த முகங்களை வீடு நிறைய அடுக்கி வைத்திருக்கும் தொழிலாளியல்லவா ஊரிலேயே பெரிய செல்வனாய் இருக்க வேண்டும்?

நிற்க, கண் பட்டால் கெடுதி வரும் என்பதைக் கொடைக்கானலிலேயே சோதித்துப் பார்க்கலாம். அங்கே 1899-இல் நிறுவப்பட்ட ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் சூரியனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை 1909-இல் எவர்ஷெட் துரை கண்டுபிடித்தது அங்கேதான். நூறு வருஷத்துக்கு மேலாகக் கண் பட்டும் சூரியன் ஒரு நாளாவது சீக்காய்ப் படுத்ததுண்டா?

முகமூடிக்குச் சக்தி உண்டென்று நம்பினவர்கள் நாம் மட்டுமல்ல. தென்னிலங்கையில் சிங்களவரிடம் 'சன்னி யகும' என்றொரு சடங்கு உண்டு. நோய்கள் பதினெட்டுக்குப் பதினெட்டுப் பேய்கள்; பேய்க்கொரு முகமூடி. நோயாளிக்கு முன் அதைப் பூண்டு ஆடி நோயை விரட்டுவார்கள். அம்பலாங்கொடையில் மரத்தில் செதுக்கும் அந்த முகங்கள் மிக அழகானவைதான். ஆனால் 1934-35-இல் மலேரியா பரவியபோது அத்தீவில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். நோயைப் பரப்புவது கொசு என்பதை 1897-இல் ரொனால்டு ராஸ் காட்டினார். அந்த வழியிலே கொசுவை ஒழித்து, மருந்தும் கொடுத்து வந்த பிறகுதான், 2016-இல் இலங்கையை மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது.

கொடைக்கானலும் 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் மதுரையின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பிக் குடியேறிய ஊர்தானே! ஜெபத்தை நம்பிக் கீழேயே இருந்துவிட்டார்களா?

அந்த ஊருக்கு மெய்யான ஆபத்து வந்தபோது நடந்தது என்ன? இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி பழஞ்சாமான் கடைக்குப் போனது 2001-இல் வெளிப்பட்டது, ஆலை மூடப்பட்டது. தொழிலாளரின் நோய்க்குத் தான் காரணமல்ல என்றது கம்பெனி. தொழிலாளர் விடவில்லை. 2016-இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. அது பல வருஷப் போராட்டத்தின் பலனா, வாசலில் கட்டின பொம்மையின் பலனா?

"பொம்மை செய்கிறவன் பிழைப்பில் மண் போடுகிறீர்களே" என்பார்கள். பயத்தை விற்றால்தான் கலை பிழைக்கும் என்பது கலைக்கே அவமானம். அந்த முகம் நாடக மேடைக்கு வரட்டும், பள்ளிக்கூடத்துக்கு வரட்டும், பொருட்காட்சிக்கு வரட்டும். செய்த கைக்குத் தகுந்த கூலி கொடுங்கள்.

தோழர்களே! வீடு கட்டுகிறவர்கள் ஒன்றை யோசியுங்கள். சாரத்திலிருந்து கொத்தனார் தவறி விழுந்தால் பொம்மை எட்டிப் பிடிக்காது. பொம்மையைக் கட்டும் கயிற்றால் சாரத்தை இன்னும் ஒரு முடிச்சு இறுக்கிக் கட்டுங்கள். ஓர் உயிராவது மிஞ்சும்.