மீட்பு என்ற பெயரில் ஓர் அவமதிப்பு

புனேயின் வானவடியில் இசை கேட்கும் நண்பர்கள் சென்ற மாதம் கூடியபோது ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. பால் ராட்ஜர்ஸ் 1993இல் வெளியிட்ட ‘மடி வாட்டர் ப்ளூஸ்’ ஆல்பம் பற்றிய கட்டுரை அது. ‘ஃப்ரீ’, ‘பேட் கம்பெனி’ ஆகிய ராக் குழுக்களின் பாடகரான ராட்ஜர்ஸ், ப்ளூஸ் மேதை மடி வாட்டர்ஸுக்கு அஞ்சலியாக, 11 கிட்டார் கலைஞர்களை விருந்தினராக அழைத்துப் பாடிய ஆல்பம். கட்டுரையாளரின் வாதம் மூன்று படிகளில் ஏறியது. மடி வாட்டர்ஸ் தந்தது பண்படாத மூலப்பொருள் மட்டுமே. ராக் கலைஞர்கள் கையில் எடுத்ததால்தான் அது பிழைத்தது. இந்த ஆல்பத்தில் அது முழுமை பெற்றுவிட்டதால், இரைச்சல் மண்டிய பழைய இசைத்தட்டுகளை இனி ஆராய்ச்சியாளர்கள் கேட்டால் போதும்.

மூன்றும் தவறு. மூன்றாவது தவறு மட்டுமல்ல, தீங்கும்கூட. ஓர் இசையை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டே அதன் ஊற்றுக்கண்ணை அடைக்கும் வேலை அது. அறை முழுக்கக் கைதட்டல் எழுந்தது என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த மீட்புக் கதை. மெக்கின்லி மார்கன்ஃபீல்டு என்ற இயற்பெயர் கொண்ட மடி வாட்டர்ஸ், மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டோவல் பருத்திப் பண்ணையில் வேலை செய்த தொழிலாளி. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டார் இசையைத் தேடி அலைந்த ஆலன் லோமாக்ஸ், 1941இல் அவருடைய குடிசைக்கே போய் அவர் பாட்டைப் பதிவு செய்தார். 1943இல் மடி வாட்டர்ஸ் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். மதுக்கூடங்களின் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டும் என்பதற்காக மின் கிட்டாரை எடுத்தார். 1948இல் ‘ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைடு’ இசைத்தட்டு வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தது. 1954இல் ‘ஹூச்சி கூச்சி மேன்’ ரிதம் அண்ட் ப்ளூஸ் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. அப்போது இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் பால் ராட்ஜர்ஸ் நான்கு வயதுக் குழந்தை.

1958இல் மடி வாட்டர்ஸ் பியானோ கலைஞர் ஓட்டிஸ் ஸ்பானை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து சென்று வாசித்தார். நான்கு ஆண்டுகள் கழித்து லண்டனில் சில இளைஞர்கள் குழு ஒன்றைத் தொடங்கி, அவருடைய 1950ஆம் ஆண்டுப் பாட்டின் பெயரையே தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பெயர் அப்படி வந்ததுதான். பெயர் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பது இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, வாங்கியவரை மீட்பர் என்று அழைக்கக் கட்டுரையாளருக்கு எப்படி மனம் வந்தது?

அவர் வாதத்தில் உண்மையான ஒரு பகுதி உண்டு. 1960களில் கறுப்பின இளைஞர்கள் சோல் இசையின் பக்கம் திரும்பினார்கள். ப்ளூஸ் கலைஞர்களின் விற்பனை சரிந்தது. பிரிட்டிஷ் குழுக்கள் அந்தப் பாட்டுகளைப் பாடியதால் வெள்ளையர்களான புதிய ரசிகர்கள் அவர்களைத் தேடி வந்தார்கள். மடி வாட்டர்ஸின் மேடைகள் பெரிதாயின. இதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் புதிய சந்தையைத் திறந்துவிட்டது ஒன்று, கலையை உருவாக்கியது வேறொன்று. முதலாவதற்கு நன்றி சொல்லலாம். அந்த நன்றியைக் காட்டி இரண்டாவதற்கான பட்டயத்தை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது.

இரண்டாவது, அந்தப் ‘பண்படாத மூலப்பொருள்’. இந்த ஒரு சொற்றொடரே போதும், கட்டுரையாளர் 1950ஆம் ஆண்டின் ‘ரோலின் ஸ்டோன்’ பாட்டை உட்கார்ந்து கேட்கவில்லை என்று காட்ட. அதில் இருப்பது ஒரு குரல், ஒரு மின் கிட்டார், அவ்வளவுதான். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. பெரும்பாலும் ஒரே கார்டில் நிற்கும் பாட்டு அது. குரல் ஓர் அடியைப் பாடி நிறுத்துகிறது. நிறுத்திய இடத்தில் கிட்டார் பதில் சொல்கிறது. அடுத்த அடி எப்போது வரும் என்று காத்திருக்கும் அந்த நொடியின் நீளத்தை மடி வாட்டர்ஸ் ஒவ்வொரு முறையும் மாற்றுகிறார். எதையும் கூட்டிச் சேர்க்காமல் கேட்பவரை அப்படிக் கட்டி வைப்பது பண்படாதவர் செய்யக்கூடிய காரியமா? ஆயுள் முழுக்கப் பயின்றவர் செய்கிற காரியம் அது.

அவருடைய ஸ்லைடு வாசிப்பும் அப்படித்தான். விரலில் மாட்டிய குழாய் தந்தியின்மேல் வழுக்கிப்போய், மேற்கத்திய சுரவரிசையின் இரண்டு சுரங்களுக்கு நடுவே ஓரிடத்தில் நிற்கும். குரலும் அதே இடத்தைத் தொடும். கமகம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுரத்துக்குச் சற்றுக் கீழே நின்று அசைவதைச் சுருதி பிசகு என்று சொல்பவரை எந்தக் கச்சேரி அரங்கிலும் நாம் மதிக்க மாட்டோம். கர்நாடக இசையில் வித்தை என்று கொண்டாடுவதை சிகாகோவின் கறுப்பினத் தொழிலாளியிடம் கேட்கும்போது ‘பண்படாதது’ என்று சொன்னால், கோளாறு அந்த இசையில் இல்லை.

மூன்றாவது, விருந்தினர் பட்டியல். ஜெஃப் பெக், டேவிட் கில்மர், பிரையன் மே, கேரி மூர், ஸ்லாஷ், ஸ்டீவ் மில்லர், பிரையன் செட்ஸர், டிரெவர் ரேபின், நீல் ஷான், ரிச்சி சம்போரா, பட்டி கை. இந்தப் பெயர்களை அடுக்கியதையே ஒரு நிரூபணமாகக் கட்டுரையாளர் முன்வைத்தார். நானும் இந்த ஆல்பத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன், மதிக்கிறேன். ராட்ஜர்ஸின் குரலில் பொய் கிடையாது. ‘ஸ்டாண்டிங் அரவுண்டு கிரையிங்’ பாட்டில் கில்மர் அடக்கமாக வாசித்து அந்தத் துயரத்துக்கு இடம் விடுகிறார். ‘ரோலின் ஸ்டோன்’ பாட்டில் ஜெஃப் பெக் காட்டும் கூர்மை அபாரம். இவையெல்லாம் நல்ல வாசிப்புகள்.

ஆனால் பட்டியலைக் கட்டுரையாளர் முழுதாகப் பார்க்கவில்லை. ‘தி ஹன்டர்’, ‘பார்ன் அண்டர் எ பேட் சைன்’ இரண்டும் மடி வாட்டர்ஸின் பாட்டுகளே அல்ல. ஆல்பர்ட் கிங் 1967இல் புகழ்பெறச் செய்தவை. ‘தி ஹன்டர்’ பாட்டை ராட்ஜர்ஸ் தன் இளமையில் ‘ஃப்ரீ’ குழுவின் முதல் ஆல்பத்திலேயே பாடியிருக்கிறார். ஆல்பத்துக்குப் பெயர் தந்த பாட்டு ராட்ஜர்ஸே எழுதியது. இந்த 11 பேரில் மடி வாட்டர்ஸின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர், அவருடைய ‘ஃபோக் சிங்கர்’ ஆல்பத்தில் கிட்டார் வாசித்த பட்டி கை. அவருக்கு இங்கே தரப்பட்டது ராட்ஜர்ஸ் எழுதிய அந்தப் பாட்டுதான். தன் குருவின் ஒரு பாட்டைக்கூட அவர் இதில் வாசிக்கவில்லை. இதை ராட்ஜர்ஸின் குற்றமாகச் சொல்லவில்லை. தன் இளமையைச் செதுக்கிய இசைக்கு ஒருவர் செலுத்தும் தனிப்பட்ட நன்றி என்ற அளவில் இது நேர்மையான ஆல்பம். மடி வாட்டர்ஸின் கலையினுடைய முழுமை என்று இதைத் தூக்கிப் பிடிப்பதுதான் பித்தலாட்டம்.

இன்னொன்றும் உண்டு. விருந்தினர் அத்தனை பேரும் கிட்டார் கலைஞர்கள். மடி வாட்டர்ஸின் குழுவோ கிட்டார் தனியாவர்த்தனத்துக்காக அமைந்ததில்லை. ‘ஹூச்சி கூச்சி மேன்’ பதிவில் லிட்டில் வால்ட்டரின் ஹார்மோனிகா, ஓட்டிஸ் ஸ்பானின் பியானோ, ஜிம்மி ரோஜர்ஸின் கிட்டார், அந்தப் பாட்டை எழுதிய வில்லி டிக்ஸனின் பேஸ் எல்லாம் சேர்ந்து ஒரே வெட்டாக வெட்டி நிற்கும். அந்த இடைவெளியில் குரல் தன்னந்தனியாக நடந்து வரும். பக்கவாத்தியம், பிரதான வாத்தியம் என்ற பேதமே இல்லாத கூட்டு வாசிப்பு அது. பாட்டுக்கொரு நட்சத்திரத்தை நிறுத்தி அவர் தனித்து மின்ன இடம் ஒதுக்குவது வேறொரு இலக்கணம். இது நல்ல ராக் இசையாகலாம். அதைவிட மேலான ப்ளூஸ் ஆகாது.

இவ்வளவையும் ரசனை வேறுபாடு என்று கட்டுரையாளர் தள்ளிவிடலாம். பணக் கணக்கை அப்படித் தள்ள முடியாது. மீட்புக் கதையில் அவர் ஓரிடத்திலும் தொடாதது இது. வில்லி டிக்ஸன் எழுதிய ‘யூ நீட் லவ்’ பாட்டை மடி வாட்டர்ஸ் 1962இல் பதிவு செய்தார். 1969இல் லெட் ஸெப்பலின் ‘ஹோல் லாட்டா லவ்’ என்று வெளியிட்ட உலகப்புகழ் பாட்டின் வரிகளில் அதன் சாயல் அப்பட்டமாக இருந்தது. டிக்ஸனின் பெயர் எங்கும் இல்லை. 1985இல் அவர் வழக்குப் போட்டார், 1987இல் சமரசம் ஏற்பட்டது, அதன் பிறகே அவர் பெயர் ஏறியது. சொந்த ஊரிலும் இதே கதைதான். அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட செஸ் நிறுவனத்தோடு இணைந்திருந்த ஆர்க் மியூசிக் என்ற பதிப்புரிமை நிறுவனத்தின் மீது மடி வாட்டர்ஸும் டிக்ஸனும் தங்கள் பாட்டுக்கான பணத்துக்காக 1970களில் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. ராட்ஜர்ஸின் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் ஜேசன் போனம், லெட் ஸெப்பலின் குழுவின் ஜான் போனமுடைய மகன். தந்தை காலத்துக் கணக்கை மகன் தலையில் ஏற்ற மாட்டேன். ஆனால் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதைக் கட்டுரையாளர் அந்த ஆல்பத்தின் உறையிலிருந்தே படித்திருக்கலாம். கடன்பட்டவரைக் கொடைவள்ளலாக மாற்றி எழுதுவது வரலாறு அல்ல.

கட்டுரையை முடிக்க அவர் நம் வானவடியின் ஷிண்டே சத்ரியை உவமையாக எடுத்தார். மகாத்ஜி ஷிண்டே இங்கே கூடாரத்தில் இறந்தார், இன்று நாம் பார்த்து வியப்பது நினைவு மண்டபத்தைத்தான், ஆகவே அஞ்சலிதான் மூலத்தைவிடப் பெரியது என்றார். அவருடைய வாதத்தைக் கவிழ்க்க இதைவிட நல்ல உவமை கிடைக்காது. 1761இல் பானிபட்டில் சிதறிய மராட்டிய வலிமையை வடக்கே மறுபடி நிறுத்தியவர் மகாத்ஜி. டெல்லி அரசியலைத் தன் கையில் வைத்திருந்தவர். 1794இல் அவர் இங்கே இறந்ததால்தான் இந்த இடத்துக்கு மதிப்பு. அங்கிருக்கும் செதுக்கு வேலையையும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களையும் பார்த்துவிட்டு, மகாத்ஜியைப் பற்றி இனி எதுவும் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று யாராவது திரும்பினால், அவர் அந்த மண்டபத்தையும் பார்க்கவில்லை என்றே பொருள்.

தமிழர்கள் கூடிய அறையில் இந்த மீட்பு வாதத்துக்குக் கைதட்டல் கிடைத்ததுதான் எனக்குப் பெரிய வேதனை. இந்த வாதத்தை நாம் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம். 1930களில் சதிர் ஆட்டத்தைச் சுத்தப்படுத்தி, மேடைக்குத் தகுந்ததாக்கி, பரதநாட்டியமாகக் காப்பாற்றினோம் என்று ஒரு கதை சொல்லப்பட்டது. காப்பாற்ற வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? ருக்மிணி தேவிக்கு ஆசான்கள் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும். வித்தை முழுவதும் சதிரை ஆடியும் கற்பித்தும் வந்த சமூகத்தின் கையில் இருந்தது. ‘பண்படாதது’ என்ற பட்டமும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. சிருங்காரத்தைச் சுத்தம் செய்ய வேண்டிய அழுக்காக நினைப்பதை அந்தச் சமூகத்தின் நடனக் கலைஞர் பாலசரஸ்வதி கடைசிவரை எதிர்த்தார். வீணை தனம்மாளின் பேத்தியான அவர் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு, மீட்கப்பட வேண்டிய நிலையில் அங்கே எதுவும் இருக்கவில்லை என்று தெரியும். ஒரு கலையை உருவாக்கியவர்களை அதன் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கலையை மட்டும் உள்ளே கொண்டுபோவதற்கு நாம் இன்னும் முழுதாகக் கணக்குத் தீர்க்கவில்லை. அப்படிப்பட்ட நாம் அதே அநீதிக்கு இன்னொரு கண்டத்தில் வக்காலத்து வாங்கலாமா?

அஞ்சலியே கூடாது என்பதல்ல என் பேச்சு. சரியான அஞ்சலிக்குச் சான்றுகள் இருக்கின்றன. 1977இல் ராக் கிட்டார் கலைஞர் ஜானி வின்டர், மடி வாட்டர்ஸின் ‘ஹார்ட் அகெய்ன்’ ஆல்பத்தைத் தயாரித்தார். தன் புகழை முன்னே வைக்காமல் பாடவேண்டியவரைப் பாடவைத்து, பக்கத்தில் நின்று கிட்டார் வாசித்தார். அந்த ஆல்பத்துக்குக் கிராமி விருது கிடைத்தது. வாங்கியவர் மடி வாட்டர்ஸ், உயிரோடு இருக்கும்போதே. 1980களின் கடைசியில் ‘ஸீஸீ டாப்’ குழுவின் பில்லி கிப்பன்ஸ், இடிந்து கிடந்த ஸ்டோவல் குடிசையின் மரத்தில் ஒரு கிட்டார் செய்வித்து, அதைக் காட்டி கிளார்க்ஸ்டேலின் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகத்துக்குப் பணம் திரட்டினார். நம் கிட்டார் பிரசன்னா 2006இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக ‘எலக்ட்ரிக் கணேஷா லேண்டு’ ஆல்பத்தைக் கர்நாடக இசையின் மொழியில் செய்தார். ஹென்ட்ரிக்ஸை முடித்துவைத்ததாக அவர் உரிமை கோரவில்லை. ஒன்று மூலவரை மேடையில் நிறுத்தியது, ஒன்று அவர் மண்ணுக்குப் பணம் திருப்பியது, ஒன்று அவரிடம் கற்றதைச் சொந்த மொழியில் பேசியது. மூன்றும் கேட்பவரை மூலத்தை நோக்கி அனுப்புகின்றன.

ராட்ஜர்ஸின் ஆல்பமும் அதற்காகச் செய்யப்பட்டதுதான். அதன் தலைப்பிலேயே மடி வாட்டர்ஸின் பெயர் இருக்கிறது. கட்டுரையாளர் புகழ்வதாக நினைத்து அந்த ஆல்பத்தின் நோக்கத்தையே கொன்றிருக்கிறார். மூலத்தைக் கேட்க வேண்டாம் என்று சொல்லும் ரசிகரைவிட ராட்ஜர்ஸுக்குப் பெரிய எதிரி இருக்க முடியாது.

மும்பை நமக்குச் சில மணி நேரப் பயணம்தான். பாந்த்ராவின் மெகபூப் ஸ்டூடியோவில் மகிந்திரா ப்ளூஸ் திருவிழா 2011இல் தொடங்கியபோது அந்த மேடையில் வாசித்தவர் பட்டி கை. சிகாகோவின் அந்தத் தலைமுறை நம் வாசல் வரை வந்து வாசித்திருக்கிறது. கேட்க வாய்ப்பில்லை என்று சொல்ல நமக்குக் காரணமே கிடையாது. ஆகவே நண்பர்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த கூடலில் முதலில் 1950இன் ‘ரோலின் ஸ்டோன்’ பாட்டை முழுதாகக் கேட்போம், அதன் பிறகு 1993இன் பதிவைக் கேட்போம். இரண்டையும் கேட்ட பிறகும் முதலாவதை மூலப்பொருள் என்று சொல்ல முடிந்தால் கட்டுரையாளர் அதே அறையில் அதே ஆட்கள் முன் எழுந்து சொல்லட்டும். சொல்ல முடியவில்லை என்றால் அந்தக் கட்டுரையை அவர் திரும்பப் பெற வேண்டும். கைதட்டியவர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.