“சாப்பிட்டீங்களா?” என்று கேட்பது யார்?

“ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் தூக்கம் வர்றதில்லே டாக்டர். சாப்பாடும் இறங்க மாட்டேங்குது...”

சொன்ன அம்மாவுக்கு 60 வயசு. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகி நாலு வருஷம். ஒரே மகன் பெங்களூரில். (அவருடைய அனுமதியோடு, அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். மடியில் இருந்த செல்போன் ‘டிங்’ என்றது. அவ்வளவுதான்... விரலுக்கடியில் நாடி துள்ளியது! இது வெறும் தூக்கக் கோளாறு இல்லை என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அமுக்கரா சூரணம் எழுதிக் கொடுத்தேன். எழுந்து போகும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார். “வெளிநாட்டுல ஒரு ஃப்ரெண்ட் டாக்டர். பார்சல் அனுப்பியிருக்கார். டெல்லி கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிட்டிருக்கு. பணம் கட்டியும் விட மாட்டேங்கறாங்க...”

நான் சிரித்துவிட்டேன். “ஏம்மா, இத்தனை வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்த நீங்களா இப்படி ஏமாறுறது?” என்று கேட்டேன்.

அந்த ஒரு வார்த்தை, நான் செய்த பெரிய தப்பு. முகம் சுருங்கிப் போனவர், அடுத்த ஒரு மாதம் என் பக்கமே வரவில்லை. வந்தபோது கையில் வளையல் இல்லை. முதல் தடவை வந்தபோது அவர் இழந்திருந்தது ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. நான் சிரித்த பிறகு கட்டியது 2,10,000 ரூபாய்! “போன பணத்தை மீட்டுட்டா, யாருக்கும் தெரியாமலே போயிடும்னு நினைச்சேன் டாக்டர்” என்று அழுதார்.

எப்படி ஆரம்பித்தது?

தினமும் வாசலில் போடும் கோலத்தை ஃபேஸ்புக்கில் போடுவது அவர் வழக்கம். “அழகா இருக்குங்க” என்று ஒருவர் எழுதினார். லண்டனில் இன்ஜினீயராம், மனைவி தவறிவிட்டாராம். ஒரு வாரத்தில் பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறியது. காலையில் வணக்கம், மதியம் “சாப்பிட்டீங்களா?”, இரவில் “மாத்திரை போட்டாச்சா?”

“நாலு வருஷமா என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லே டாக்டர்” என்றார். இதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இரண்டு மாதம் கழித்து, “உங்களுக்கு நகையும் பவுண்டும் பார்சல் அனுப்பியிருக்கேன்” என்றார் அந்த மனிதர். அடுத்த நாளே ‘கஸ்டம்ஸ் ஆபீஸ்’ என்று ஒரு பெண் போன். முதலில் 38,500 ரூபாய் வரி. பிறகு வெளிநாட்டுப் பணத்துக்கு அனுமதிக் கட்டணம். அப்புறம் அபராதம். கட்டக் கட்ட அடுத்தது முளைத்தது.

இதில் பல வகை உண்டு. மேட்ரிமோனியல் தளத்தில் வரன் மாதிரி வருவார்கள். பங்கு, கிரிப்டோ என்று ஒரு ‘ஆப்’பில் பணம் போடச் சொல்வார்கள். முதலில் சின்ன லாபத்தை எடுக்க விட்டு, பெரிய தொகை போட்டதும் பூட்டிவிடுவார்கள். ஆண்களுக்கு என்றால், வீடியோ காலில் ஆபாசமாகப் பேச வைத்துப் பதிவு செய்து மிரட்டுவதும் நடக்கிறது.

அந்தப் பக்கம் இருப்பது யார்?

நாம் நினைப்பது போல ஒரு தனி ஆள் இல்லை. பல இடங்களில் இது ஷிஃப்ட் போட்டு நடக்கும் தொழில். 2022-ல் மியான்மரின் மியாவாடி பகுதியில் சிக்கியிருந்த தமிழக இளைஞர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்தது ஞாபகம் இருக்கிறதா? நல்ல வேலை என்று அழைத்துப் போய், ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லிச் சித்ரவதை செய்திருக்கிறார்கள். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டவன், தானே பட்டினி கிடக்கும் நம்மூர்ப் பையனாகக்கூட இருக்கலாம்! எழுதிக் கொடுத்ததைத் தட்டச்சு செய்பவனிடம் அன்பைத் தேடினால் கிடைக்குமா?

குறிகுணங்கள்

பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் எண்வகைத் தேர்வு சொல்லிக் கொடுத்தார்கள். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் எட்டையும் பார்த்துத்தான் நோயைக் கணிக்க வேண்டும். இந்த நோயையும் ஒரே குறியை வைத்து முடிவு கட்டாதீர்கள். சேர்த்துப் பாருங்கள்.

* பழகிய சில நாட்களிலேயே உருகுவது. அறிமுகமான தளத்தை விட்டு உடனே வாட்ஸ்அப்புக்கு இழுப்பது.
* நேரில் வர ஒவ்வொரு தடவையும் ஒரு தடங்கல்: விபத்து, ஆபரேஷன், கப்பல் வேலை.
* “நம்ம விஷயம் வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம்” என்பது. இதுதான் பெரிய குறி!
* எந்தக் காரணத்துக்காகவோ பணம் கேட்பது.

வீடியோ காலில் முகம் பார்த்தேனே என்று சமாதானம் அடையாதீர்கள். இன்றைக்கு இன்னொருவர் முகத்தை ஒட்ட வைத்துப் பேச முடியும். சுங்கத்துறை யாருக்கும் போன் செய்து, ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கில் பணம் கட்டச் சொல்வதே கிடையாது. நேரில் பார்க்காத ஒருவருக்குப் பத்துப் பைசாகூட அனுப்புவதில்லை என்று உறுதியாக இருந்தாலே பாதி ஆபத்து விலகிவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் குறிகள் உண்டு. குளியலறைக்கும் போன் போகிறதா? நடுராத்திரியில் திரை வெளிச்சம் தெரிகிறதா? நகை காணோமா? திடீரென்று பர்சனல் லோன் எடுத்தார்களா? கேளுங்கள். ஆனால் எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

திட்டாதீர்கள்!

என் அபிப்பிராயத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். இதில் ஏமாறுவது பேராசைக்காரர்கள்தான் என்பது தப்பான எண்ணம். அந்த அம்மா நகைக்கு ஆசைப்பட்டா ஏமாந்தார்? மோசடிக்காரனின் முதல் மூலதனம் நம் தனிமை. இரண்டாவது மூலதனம் நம் வெட்கம். “உனக்கு இந்த வயசுல இது தேவையா?” என்று நாம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவனுக்கு உதவி செய்கிறோம். வாயை மூடிக்கொண்டவர், அடுத்த தவணையையும் கட்டுவார். நான் கண்கூடாகக் கண்ட உண்மை இது.

தெரிந்த உடனே செய்ய வேண்டியவை: அடுத்த ரூபாயை நிறுத்துங்கள். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணம் வங்கியிலேயே முடக்கப்பட வாய்ப்பு உண்டு. உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. “இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்க” என்று பிறகு வருபவரை நம்பாதீர்கள். பல சமயம் அவரும் அதே கூட்டம்தான். மனசு ரொம்ப உடைந்து போனால் 14416-க்குப் பேசுங்கள். அது அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண். இலவசம்.

அன்றைக்கு என் அறையில் இருந்தே 1930-க்குப் பேசினோம். அன்று காலை அனுப்பிய 45,000 மட்டும் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கப்பட்டது. மற்றது போனது போனதுதான். அவர் சம்மதத்தோடு மகனுக்கு நானே போன் போட்டேன். “திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க தம்பி. அம்மாவை ஒரு வார்த்தை சொல்லாதீங்க” என்றேன். அந்த வாரக் கடைசியில் வந்தார். திட்டவில்லை. இப்போது தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்கிறார்.

அம்மாவுக்குத் தூக்கம் வருகிறது. என் சூரணத்தால் மட்டும் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை!

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கோ, அப்பாவுக்கோ, அத்தைக்கோ ஒரு போன் போடுங்கள். “சாப்பிட்டீங்களா?” என்று கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால், கேட்பதற்கு வேறு ஒருவன் தயாராக இருக்கிறான்.