டுரியான் சடக்கில் சைக்கிள்

ஜார்ஜ்டவுனில் அதிகமாகப் படம் பிடிக்கப்படுவது ஓடாத சைக்கிள்தான். ஆர்மேனியன் ஸ்திரீட் சுவரில் எர்னஸ்ட் ஸக்காரெவிச் 2012இல் வரைந்த இரு பிள்ளைகளோடு பழைய சைக்கிள் ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. வெயிலையும் பாராமல் வரிசையில் நின்று அதன் அருகே படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஓடுகிற சைக்கிளைப் பார்க்கப் பினாங்குத் தீவின் முதுகுப்புறம் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலை ஏறி, பாலிக் புலாவ் பக்கம் இறங்குகிறவர்களில் சிலருக்கு இப்போது தார்ச்சாலை போதவில்லை. தோட்டங்களுக்குள் போகும் செம்மண் சடக்குகளில் திரும்பிவிடுகிறார்கள்.

அவர்கள் ஓட்டுவது கிராவல் சைக்கிள். பந்தய சைக்கிளுக்கு இருப்பதுபோல் வளைந்த கைப்பிடி. டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்தது, காற்றைக் குறைத்து அடிப்பார்கள். மேடேற இலகுவான கியர், டிஸ்க் பிரேக். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து ஜல்லிச் சாலைகளில் 2006இல் தொடங்கிய 200 மைல் போட்டி இந்த மோகத்தைப் பெரிதாகப் பரப்பியது. 2022இல் இத்தாலியில் இதற்கென முதல் உலகப் போட்டியே நடந்துவிட்டது. நம் ஊருக்கு அது வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. கான்சாஸில் தேடி ஓட்டும் கரடுமுரடு இங்கே ஒவ்வொரு மலைச்சரிவிலும் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்கிறார்கள் சைக்கிள்காரர்கள். கேட்பாரற்று என்ற அந்த ஒரு சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

பாலிக் புலாவ் மலைத் தோட்டப் பாதை ஒன்றில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மூன்றடி அகலத்துக்குச் சிமெண்டுப் பட்டை. ஒரு மோட்டார்சைக்கிள் போகலாம். எதிரே இன்னொன்று வந்தால் ஒருவர் ஒதுங்கத்தான் வேண்டும். டயர் வழுக்காமல் இருக்க, ஈரம் காயும் முன்பே சிமெண்டில் கோடு கீறியிருப்பார்கள். செங்குத்து தணிகிற இடத்தில் சிமெண்டு நின்று செம்மண்ணும் கல்லும் தொடங்கும். பின்சீட்டின் இருபுறமும் கூடை தொங்கும் கப்சாய் வண்டியில் டுரியானும் ஜாதிக்காயும் இறங்குகிற வழி இது. பாதையின் குறுக்கே, இடைவெளி விட்டுச் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள் வெட்டியிருக்கும். சைக்கிள்காரர் கண்ணில் அது ஒரு குலுக்கல், அவ்வளவுதான்.

ஆனால் பாதை நிற்பதே அந்த வாய்க்காலால்தான். பினாங்கின் மலைகள் கருங்கல் மலைகள். கல்லின் மேல் பல அடி ஆழத்துக்கு இற்றுப்போன மண். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பாதையில் இறங்கிய தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளிவிடாவிட்டால், அது பாதையையே ஓடையாக்கிவிடும். சருகு அடைத்துக்கொண்டால் ஒரே மழை போதும். மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய் அதைத் தோண்டிவிடுகிறவர் தோட்டக்காரர். அந்த வேலைக்கு அவருக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. பிரேக்கைப் பூட்டிச் சறுக்கிக்கொண்டே இறங்கும் டயர் உடைப்பது அவர் கட்டிவைத்த விளிம்பைத்தான்.

மலையில் மண்ணைத் தொட்டால் என்ன ஆகும் என்பது பினாங்குக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளின் புயல்மழையில் கொடிமலை எனப்படும் பினாங்கு மலையின் ரயிலே நின்றுபோனது. 2018 அக்டோபரில் புக்கிட் கூகுஸில் சாலை போட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே மண் சரிந்து 9 தொழிலாளர்கள் மாண்டார்கள். ரெலாவ் மலையை அனுமதியின்றி மொட்டையடித்த வழக்கில் 2013இல் விதிக்கப்பட்ட அபராதம் 30,000 வெள்ளி. மலைக்கு அது தலைமுடி வெட்டும் கூலிகூட ஆகாது. 76 மீட்டர் உயரத்துக்கு மேலுள்ள நிலமும் 25 பாகைக்கு மேல் சரிந்த நிலமும் மலைநிலம் என்று மாநிலம் வரையறுத்துக் கட்டுப்பாடு வைத்திருப்பது காரணமில்லாமல் அல்ல. ஆகவே, சைக்கிளுக்கென்று புதுப்பாதை வெட்டும் பேச்சே வேண்டாம். 2021இல் யுனெஸ்கோ 12,481 ஹெக்டர் நிலமும் கடலுமாகச் சேர்த்து பினாங்கு மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அதன் மையக் காட்டுக்குள்ளும் டயர் போகவேண்டியதில்லை. மிஞ்சுவது ஏற்கெனவே இருக்கும் தோட்டச் சடக்குகள் மட்டுமே.

இருக்கும் பாதையைச் சைக்கிளால் காப்பாற்ற முடியும் என்பதற்கு இத்தாலியில் நல்ல சான்று உண்டு. தஸ்கனியின் வெண்மண் சாலைகள் ஒவ்வொன்றாகத் தார் பூசிக்கொண்டு வந்த காலத்தில், கையோலே என்ற சிற்றூரில் ஜியான்கார்லோ புரோக்கி என்பவர் 1997இல் பழைய சைக்கிள்களுக்கென ஓர் ஓட்டத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டு வந்தவர்கள் 92 பேர். இன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அந்தச் சாலைகளுக்குத் தார் போட யாருக்கும் மனம் வருவதில்லை. நம் சைக்கிள் நண்பர்கள் இந்தக் கதையை விரும்பிச் சொல்வார்கள். ஆனால் தஸ்கனியில் இருப்பவை பொதுச் சாலைகள். பாலிக் புலாவில் இருப்பவை பெரும்பாலும் ஒருவருடைய கொல்லை வழி.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் இலங்கையில் இருக்கிறது. கண்டி பக்கத்து ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைவழி, 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. தேயிலை இறக்கிய பழைய தோட்டப் பாதைகளைக் கோத்தே அதை அமைத்தார்கள். நல்ல வேலை, புதிதாக மலையைக் குடையவில்லை. ஆனால் அந்தப் பாதைகளில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்துக் கூடை சுமந்தவர்கள் நம்மவர்கள். நடைவழியின் புகழில் லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்த பங்கு எவ்வளவு என்று கேட்காமல் அதைக் கொண்டாட எனக்கு மனம் ஒப்பவில்லை. பினாங்கிலும் 1788இல் பிரான்சிஸ் லைட் மலைக்குக் குதிரைப் பாதை போட்டதாக ஏடுகள் எழுதும். வெட்டியவர் பேர் எதிலும் இருக்காது. பின்னாளில் துரைமாரை டோலியில் சுமந்து ஏறியவர்கள் கும்பிட்ட சிறு சன்னிதிதான் இன்று கொடிமலையில் அருளொளி திருமுருகன் ஆலயமாக நிற்கிறது. அவர்கள் விட்டுப்போன அடையாளம் அது ஒன்றுதான்.

பாலிக் புலாவ் தோட்டக்காரரின் நிலைமை லயத்துக்காரரின் நிலைமை போன்றதல்ல என்பது இங்கே முக்கியம். அவருக்கு நம் தயவு தேவையில்லை. டுரியான் விற்கும் விலைக்கு, சைக்கிள்காரர் குடிக்கும் ஒரு குவளை ஜாதிக்காய்த் தண்ணீரின் காசு அவர் கணக்கில் ஏறவே ஏறாது. உள்ளூர்ப் பொருளாதாரம் வளரும் என்று சுற்றுலா அதிகாரிகள் வழக்கமாகப் பாடும் பாட்டு அவரிடம் எடுபடாது. மே முதல் ஆகஸ்டு வரை பழம் தானாக விழும் காலம். மரத்தடியில் வலை கட்டி, இராப்பகலாகப் பொறுக்குவார்கள். அந்த நேரத்தில் தோட்டத்துக்குள் தலைகாட்டும் அந்நியனைத் திருடன் என்று நினைப்பதில் தவறே இல்லை. தலைக்கவசம் போட்டிருந்தாலும், இரண்டு கிலோ முள்பழம் மேலேயிருந்து வந்தால் அது தாங்காது.

இன்னொரு தொல்லை கைப்பேசியிலிருந்து வருகிறது. ஒருவர் தான் ஓட்டிய வழியை ஸ்திராவா, கொமூட் போன்ற செயலியில் ஏற்றிவிடுகிறார். தோட்டக்காரர் கையசைத்து அவரை விட்டிருக்கலாம்; அடுத்த வாரம் அதே கோட்டைப் பார்த்துக்கொண்டு வரும் கூட்டத்தை அவர் அறியமாட்டார். அதற்கடுத்த வாரம் பாதையின் வாயில் சங்கிலி தொங்கும். சிலர் தற்காலிக உரிமத்தில் பயிர் செய்கிறவர்கள்; தங்கள் நிலம் வரைபடத்தில் பளிச்சென்று தெரிவதே அவர்களுக்குக் கலக்கம்.

இதற்குக் கொடிமலைக்குக் கேபிள் கார் கட்டுவதுபோல் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். உரிமையாளர் எழுத்தில் சம்மதித்த சடக்குகள் மட்டும் பட்டியலில் இருக்கட்டும். ஓட்டுகிறவர் தலைக்கு இவ்வளவு என்று கட்டட்டும். அந்தப் பணம் நேரே வாய்க்கால் பராமரிப்புக்குப் போகட்டும். விழுந்து அடிபட்டால் தோட்டக்காரர் மேல் வழக்குப் போகாதபடி மாநகர் மன்றம் காப்புறுதி எடுக்கட்டும். தயங்கும் பலரைத் தடுப்பது இந்தப் பயம்தான். சம்மதம் இல்லாத வழிகளைச் செயலிகளிலிருந்து நீக்கச் சொல்லும் பொறுப்பைச் சைக்கிள் சங்கங்கள் ஏற்கட்டும். பழக்காலத்தில் மூடல். செப்டம்பர், அக்டோபரில் மழை உச்சம், அப்போதும் மூடல். ஆண்டுக் கடைசியில் சில தோட்டங்களில் சின்னப் பருவம் ஒன்று உண்டு. அங்கே அப்போதும் போகக்கூடாது. கூட்டிக் கழித்தால் ஜனவரியிலிருந்து மூன்று நான்கு மாதம் தேறும். பாதைக்கும் அவ்வளவுதான் தாங்கும்.

இந்தப் பருவம் முடிந்ததும் மாநகர் மன்றம் பாலிக் புலாவில் ஒரு கூட்டம் போட்டுத் தோட்டக்காரர்களை அழைத்துப் பேசட்டும். சைக்கிள்காரர்களை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போதும்.