துயரமா குடிக்க வைத்தது?

"தந்தை மௌத்தானதிலிருந்து குடிக்கிறான்; வியாபாரம் நொடித்தபின் இப்படியாகிவிட்டான்." குடிப்பவரைப் பற்றிப் பேச்செழுந்தால் நம் இல்லங்களில் இவ்வாறே இரக்கத்தோடு கூறப்படுகிறது. இரக்கம் நன்று. ஆயின், இக்காரணத்தை முதன்முதல் சொன்னவர் யார்? குடித்தவரே! பிரதிவாதியே சாட்சியுமாகி நிற்கும் விந்தை வழக்கன்றோ இது!

மதுவைக் குறிக்கும் 'கம்ர்' என்னும் அரபுச் சொல், மூடுதல் என்னும் பொருளுடைய வேரில் பிறந்தது. பெண்டிர் தலையை மறைக்கும் 'கிமார்' அதே வேரின் இன்னொரு கிளை. மது மூடுவது அறிவை. போதையில் தொழுகையை நெருங்கலாகாதெனத் தடுத்த திருமறை (4:43), தாம் கூறுவது இன்னதென்று அறியும் வரை என்றே எல்லை வகுத்தது. அத்தகையவரின் கூற்றையோ நாம் சரித்திரமாக ஏற்கிறோம்!

அறியாமைக் காலக் கவிஞர் இம்ருல் கைஸின் செய்தி அரபு இலக்கியம் பயின்றோர் அறிந்ததே. கிந்தா மன்னரான அவருடைய தந்தை ஹுஜ்ரை பனூ அஸத் கூட்டத்தார் கொன்றனர். செய்தி வந்தபோது மகன் மதுவும் சூதுமாக இருந்தார் என்றும், ஆட்டம் முடிந்த பின்னரே விவரம் கேட்டு, பழிதீர்க்கும் அலுவலை மறுநாளைக்குத் தள்ளிக் குடித்தார் என்றும் சொல்லப்படுகிறது. வரிசையை நோக்குங்கள். மௌத்துச் செய்தி வருமுன்னரே கிண்ணம் கையில் இருந்தது. குடிப்பவருக்கு மகளின் நிகாஹும் தந்தையின் ஜனாஸாவும் ஒரே வாயிலுக்குத்தான் இட்டுச்செல்கின்றன.

இது ஆலிமின் கடுமை என முகம் சுளிப்போர் அமெரிக்க மனநல மருத்துவர் ஜார்ஜ் வைலன்ட் 1983இல் வெளியிட்ட நூலைக் காண்க. இளமை முதல் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஆடவர்களின் பதிவுகளை ஆராய்ந்தவர் அவர். குடிநோயாளிகள் பின்னாளில் நினைவுகூரும் துயர இளமையை, முன்னரே எழுதப்பட்ட அப்பதிவுகள் பெரிதும் உறுதிசெய்யவில்லை. அவர்களிடம் காணும் மனச்சோர்வு பெரும்பாலும் குடியின் காரணமன்று, விளைவே என்றார்.

குடிப்பவர் வேண்டுமென்றே பொய்யுரைக்கிறார் என்பதன்று என் வாதம். அவர் மெய்யாகவே அவ்விதம் நம்புகிறார். கேடே அதில்தான் இருக்கிறது. துயரம் குடியை மிகுவிப்பதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் துயரம் ஆறட்டும் என்று காத்திருக்கும் மனைவியின் ஆண்டுகள் வீணே கழிகின்றன, மருத்துவம் தள்ளிப்போகிறது. சில வீடுகளில், 'மனைவி சரியில்லை, அதனால் குடிக்கிறான்' என்று பழியும் அவள் தலையிலேயே விழுகிறது.

ஜமாஅத் பெரியோர்களே, இத்தகைய குடும்ப வழக்கு உங்கள் முன் வரும்போது காரணம் கேட்பதற்கு முன் ஆண்டைக் கேளுங்கள். வியாபாரம் எந்த ஆண்டு நொடித்தது? குடி எந்த ஆண்டு தொடங்கிற்று? கணவரிடம் மட்டுமன்று, அந்தப் பெண்மணியிடமும் கேளுங்கள். அவள் அச்சமின்றிப் பேசத் தனியே இடம் கொடுத்துக் கேளுங்கள்.